தௌபாவுக்குள் அடங்காத ஒப்புதல்

ருவாண்டாவின் இடைக்காலப் பிரதமராக இருந்த ஜோன் கம்பண்டா, 1998 மே மாதம் அரூஷாவில், சர்வதேச நீதிமன்றின் முன் இனப்படுகொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓர் அரசாங்கத் தலைவர் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது அதுவே முதற்தடவை. கிடைத்தது ஆயுட்காலச் சிறை. தானாக ஒப்புக்கொண்டவருக்குச் சிறிதேனும் சலுகை வேண்டாமா என்று கேட்கத் தோன்றும்.

தௌபாவுக்கு நமது உலமாக்கள் சொல்லும் நிபந்தனைகளில் மனவருத்தமும் ஒன்று. அடியானின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் அதைத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. உயிரைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியாது. ஆனால் வருத்தம் அவர் வசமிருந்தது. சந்தர்ப்பம் அளித்தும் அவர் அதைத் தெரிவிக்கவில்லை என்பதை நீதிபதிகள் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறார்கள்.

அவர் ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்று என்னை விட்டகலவில்லை. வைத்தியசாலையொன்றில் நடந்த கொலைகளிலிருந்து தப்பிய பிள்ளைகளைக் காப்பாற்றும்படி 1994 மே 3ஆம் திகதி அவரிடம் நேரிலேயே கேட்கப்பட்டது. அவர் பதில் சொல்லவில்லை. அன்றைய தினமே பிள்ளைகள் கொல்லப்பட்டனர். ஆயுதங்கள் பகிர்ந்தவர்தான், அன்று அவருக்கு மௌனமே போதுமாயிருந்தது.

1998 ஏப்ரலில் ருவாண்டா அரசு 22 பேரைப் பகிரங்கமாகச் சுட்டுக் கொன்றது. அரூஷாவில் மரண தண்டனை இல்லாததால் பிரதமர் உயிர் தப்பினார். இதை அநீதி என்போருண்டு. நான் தயங்குகிறேன். உயிரோடிருப்பவரிடம்தானே அந்தப் பதிலை இன்னும் கேட்கலாம்? கம்பண்டாவோ ஒப்புதலையே மீளப்பெற முயன்றார். 2000ஆம் ஆண்டு மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. அடுத்த ஆண்டு மாலி நாட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள்.