உட்கார்ந்தால் மரியாதைக் குறைவா?



"பையன் என்ன செய்றான்?" என்று யாராவது கேட்டால், "ஜவுளிக்கடையில நிக்கிறான்" என்று பதில் சொல்லுகிறோம். ஆபீசில் வேலை பார்க்கிறான் என்போம், ஸ்கூலில் பாடம் எடுக்கிறாள் என்போம். கடைக்கு மட்டும் "நிக்கிறான்". யாரும் யோசித்து உண்டாக்கின வார்த்தை அல்ல. ஆனாலும் எவ்வளவு உண்மையான வார்த்தை! நானும் அப்படி 11 வருஷம் நின்றவன். ஆகையால் இந்தக் காரியத்தைக் குறித்து உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

காலை 9 மணிக்கு வந்து நின்றால் இரவு 9, 10 மணி வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். பண்டிகை நாட்களில் அதுவும் நிச்சயமில்லை. நடக்கிறவனுக்கு இவ்வளவு பாடு கிடையாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நிற்கிறவனுக்கு ரத்தம் காலிலேயே தேங்குகிறது. சாயங்காலத்தில் பாதம் வீங்கி, செருப்பு இறுகிப்போகும். வருஷக்கணக்காய் நின்றவர்களில் பலருக்குக் காலில் நரம்பு சுருட்டி, நீலமாய்ப் புடைத்துக்கொண்டிருக்கும். என்னோடு நின்ற சகோதரிகளின் பாடு இன்னும் அதிகம். அடிக்கடி பாத்ரூம் போகக் கேட்க வெட்கப்பட்டும் பயந்தும், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் விரித்துக் காட்டிய புடவையைக் கட்டிக்கொண்டுதான் நாம் கலியாணத்துக்குப் போகிறோம், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் போகிறோம்.

"கூட்டம் இல்லாத நேரத்துல உக்காரலாமே?" என்று கேட்பீர்கள். மத்தியானம் 2 மணிக்கு மேல் கடை வெறிச்சோடிக் கிடக்கும். அப்பொழுதும் எங்களுக்கு உட்கார அனுமதி இல்லை. ஒரு நாள், புதுசாய்ச் சேர்ந்த தம்பி ஒருவன் துணிக்கட்டின்மேல் சற்றே சாய்ந்தான். சூப்பர்வைசர் வந்தார். "டேய், நிமிந்து நில்லு. கஸ்டமர் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார். அந்த வார்த்தையைக் கவனியுங்கள். முதலாளி என்ன நினைப்பார் என்று அவர் சொல்லவில்லை. வாங்க வருகிறவர்களின் பேரைச் சொல்லித்தான் அவனை நிமிர வைத்தார். அதாவது, உங்கள் பேரையும் என் பேரையும் சொல்லித்தான்!

அப்படியானால் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேலை செய்கிற ஒருவர் நமக்கு முன்பாக உட்கார்ந்திருந்தால், அது மெய்யாகவே நமக்கு அவமரியாதையா?

பாங்கில் கேஷியர் உட்கார்ந்துதான் பணம் தருகிறார். டாக்டர் உட்கார்ந்துதான் நம்மைப் பரிசோதிக்கிறார். அதே ஜவுளிக்கடையில் கல்லாவில் இருக்கிறவர் உட்கார்ந்துதான் பில்லுக்குப் பணம் வாங்குகிறார். யாருக்காவது கோபம் வந்ததா? காஞ்சிபுரத்தில் பழைய மாதிரிப் பட்டுக்கடைகளுக்குப் போயிருக்கிறீர்களா? வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் புடவை காட்டுகிறவரும் உட்காருவார், நாமும் எதிரே உட்காருவோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக்கொண்டு சந்தோஷமாய் வருகிறோம். ஆகவே மரியாதை காலில் இல்லை. குறைந்த சம்பளக்காரன் உட்கார்ந்தால்தான் நம் கண்ணுக்கு உறுத்துகிறது. இதற்கு மரியாதை என்று பேர் வைக்கலாமா?

"காசு கொடுக்கிறோம் பிரதர், கொஞ்சம் பணிவு எதிர்பார்க்கக் கூடாதா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கொடுக்கிற காசுக்கு நல்ல துணி கேட்கலாம், சரியான விலை கேட்கலாம், முகம் கோணாமல் எடுத்துக் காட்டும்படி எதிர்பார்க்கலாம். அது வேலை. ஆனால் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லாத நேரத்தில் ஒருவருடைய கால் வலிக்க வேண்டும் என்பது எந்த வேலையில் சேரும்? தாழ்மை ஒருவன் தானாய்க் கொடுக்கிறது. வயிற்றுப்பாட்டைக் காட்டி வாங்குகிற தாழ்மை அவனுக்கும் நல்லதல்ல, வாங்குகிற நமக்கும் நல்லதல்ல. நம்மைப் பெரியவர்கள் என்று நினைக்கப் பழக்கிவிடும்.

ரூத்தின் சரித்திரத்தை எல்லாரும் அறிவோம். போவாஸ் வயலுக்கு வந்தபோது முதலாவது வேலைக்காரரை வாழ்த்தினார். சாப்பாட்டு வேளையில் கதிர் பொறுக்க வந்த அந்நிய ஸ்திரீயாகிய ரூத், அறுக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வயலுக்குச் சொந்தக்காரர் தம் கையாலே அவளுக்குக் கொடுத்தார். அதனால் அவருடைய மேன்மை குறைந்துபோகவில்லையே!

சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. இங்கிலாந்தில் 1899-ம் வருஷமே, கடையில் வேலை செய்யும் 3 பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் பக்கத்தில் கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி, கடைப்பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற சங்கத்தை உண்டாக்கினார். முதலில் பாத்ரூமுக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் அவர்கள் போராடினார்கள். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ம் வருஷத்துச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று சொல்லிவிட்டது. நான் நின்ற காலம் இதற்கு முந்தினது.

இப்பொழுது கடைக்குப் போனால் ஸ்டூலைத் தேடிப் பார்க்கிறேன். சில இடங்களில் இருக்கிறது. ஆனால் நம் தலை தெரிந்ததும் அதில் இருக்கிற பிள்ளை பதறி எழும்புகிறாள். ஸ்டூலைச் சட்டம் போட்டுவிட்டது. அந்தப் பதற்றத்தை எடுக்கச் சட்டத்தால் முடியுமா? அது நம் கையில் இருக்கிறது.

பிரியமானவர்களே, பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும்போது, எதிரே நிற்கிறவரிடம், "நான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க உக்காருங்கம்மா" என்று சத்தமாய்ச் சொல்லுங்கள், சூப்பர்வைசர் காதிலும் விழட்டும். வாங்கும் எண்ணம் இல்லாமல் பொழுதுபோக்குக்கு 50 புடவையை விரிக்கச் சொல்லாதிருங்கள். நம்மில் கடை வைத்திருக்கிறவர்களும் உண்டு. ஸ்டூல் போடுங்கள். போட்டதோடு விடாமல், கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காரச் சொல்லி நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். முதலாளி சொல்லாமல் அந்தப் பிள்ளைகள் உட்காரமாட்டார்கள். 11 வருஷம் நின்றவன் சொல்லுகிறேன்.