ஒரே முறைதான் சமநீதியா?

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவைத் திறந்தது. 1949இல் கல்முனையில் ஸாஹிராக் கல்லூரி எழுந்தது. கதவு திறந்தபின், எல்லோருக்கும் ஒரே விதமாகப் போதிப்பதுதான் சமத்துவமா?

மருதமுனையில் தறியோசைக்கிடையே வளரும் பிள்ளை பாவு நூலை எண்ணிக் கணக்கறிகிறது. கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை மீன் பங்கிடும்போதே பின்னத்தை உணர்கிறது. கரும்பலகைச் சூத்திரம் மனனமாகாததால் இவர்களை 'மக்கு' என்று ஒதுக்குவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

நாற்பது பேருள்ள வகுப்பில் பல முறைகள் சாத்தியமா என ஆசிரியர் கேட்பது நியாயமே. அச்சுமையை அவர் தலையில் மட்டும் ஏற்றலாகாது. பயிற்சியும் அவகாசமும் அரசின் கடன். ஆனால் தறியையும் வலையையும் பாடமாக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. உழைப்பாளியின் அறிவை அறிவென ஒப்பும் மனமே முதலில் வேண்டும். பாதைகள் பலவாகட்டும், சேருமிடம் எல்லோர்க்கும் ஒன்றாகட்டும்.