எங்கிருந்தும் செய்யலாம் என்பவன்

கோடையில் கல்கத்தாவை விட்டுச் சிம்லாவுக்குப் போக வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் லண்டனுக்குச் சொன்ன நியாயம் எளிமையானது. கீழே ஐந்து நாள் இழுக்கும் வேலை மலையில் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். 1864இல் சிம்லா கோடைத் தலைநகரானது. அதற்கு 160 வருடம் கழித்து, கோத்தகிரியில் ஒரு வாடகை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பெங்களூரில் இருக்கும் என் மேலாளரிடம் நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். "இங்க வந்ததுல இருந்து மண்டை தெளிவா ஓடுது சார்." லாரன்ஸை நம்பினார்கள், என்னையும் நம்பினார்கள். மிச்ச நான்கு நாள் வேலை யார் தலையில் விழுந்தது என்று எங்கள் இருவரிடமும் யாரும் கேட்கவில்லை.

லாரன்ஸ் விஷயத்தில் பதில் தெரிந்ததுதான். கல்கா–சிம்லா ரயில் 1903இல்தான் வந்தது. அதுவரை அரசாங்கத்தின் கோப்பும் கட்டிலும் மாட்டுவண்டியிலும் கூலிகளின் முதுகிலும் ஏறின. சென்னை மாகாண அரசு இதே பழக்கத்தை ஊட்டியில் வைத்துக்கொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர ரயில் ஓடத் தொடங்கியது 1899இல், ஊட்டியைத் தொட்டது 1908இல். கோடை அலுவல் என்றால் மலையில்தான் என்ற வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

என் விஷயத்தில் பதில் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. எனக்கு முன்பு இந்த வீட்டில் குடியிருந்தவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் கேட்ட இரட்டிப்பு வாடகைக்கு நான் பேரம்கூடப் பேசாமல் சரி என்றேன். பெங்களூர் வாடகையோடு ஒப்பிட்டால் அது எனக்குக் கொசுறு. அந்த டீச்சர் இப்போது மேட்டுப்பாளையத்தில் வீடு பார்த்துக்கொண்டு, தினமும் விடியுமுன் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறார். சாயந்திரம் அதே பாதையில் இறங்குகிறார். அலுவலகம் போய்வரும் அலைச்சலை ஒழித்துவிட்டேன் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அந்த அலைச்சல் எங்கும் ஒழியவில்லை, டீச்சர் பெயருக்கு மாறியிருக்கிறது.

சரி, இதை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு யோசித்துப் பார்ப்போம். பிள்ளைகள் மலையில் இருப்பதால் டீச்சரின் வேலையை மலையில்தான் செய்ய முடியும். தேயிலை பறிப்பவரும், பிரசவ வார்டு நர்ஸும், மண்சரிவில் விழுந்த மரத்தை நடுராத்திரியில் அறுத்து ரோட்டைத் திறந்துவிடுகிறவரும் அப்படித்தான். என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். அதுதான் என் வேலையின் பெருமை என்று நானே சொல்கிறேன். அப்படியானால் தர்க்கப்படி எனக்கு எந்த ஒரு குறிப்பிட்ட இடத்தின் மீதும் பெரிய தேவை இருக்க முடியாது. மலையில் இருக்கிற கொஞ்ச வீடுகளுக்கு ஒரு வரிசை போட்டால் கடைசி ஆள் நான்தான். நடப்பதோ தலைகீழ். யாருக்குத் தேவை மிகக் குறைவோ அவன் கையில் பணம் மிக அதிகம், வரிசையில் அவனே முதல் ஆள்.

"உள்ளூரில் செலவழிக்கிறேனே, நாலு பேர் பிழைக்கிறார்களே" என்று என்னைப் போன்றவர்கள் உடனே சொல்வோம். ஊட்டிக்கு வந்த துரைமார்களும் இதைச் சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் பிழைப்பவர்கள் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள்? என் வீட்டுக்குத் தெருமுனை வரைதான் வண்டி வரும். அங்கிருந்து எண்பத்திரண்டு படி. முப்பது கிலோ சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பையன் ஏறுகிறான். மாதம் ஒரு முறை என் நண்பர்கள் காரில் வருகிறார்கள். ஒரு டன் எடையுள்ள காரை மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே ஏறத்தாழ ஆயிரத்து நானூறு மீட்டர் உயர்த்த, எஞ்சினின் விரயத்தையும் சேர்த்தால், தூக்கும் செலவுக்கு மட்டுமே ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எரியும். தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது அந்தச் சக்தி திரும்பக் கிடைக்காது, பிரேக் காய்ந்து நாறுவதோடு சரி. "காத்து என்ன சுத்தம்டா" என்று அவர்கள் சொல்வது அந்த நாற்றம் அடங்கிய பிறகுதான்.

மாஞ்சோலையை நினைத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்து அந்த மலையில் 1929இல் 99 ஆண்டுக் குத்தகையில் ஒரு தனியார் நிறுவனம் தேயிலைத் தோட்டம் போட்டது. தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களை, குத்தகை முடியப்போகிறது என்று, 2024இல் விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொன்னார்கள். வேலை இல்லையென்றால் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் மலையும் இல்லை. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் சிதறித் தாமிரபரணியில் விழுந்து 17 பேர் செத்தார்கள். மலையில் பிறந்து மலையிலேயே உழைத்தவருக்கு, வேலை போனதும் மலை அந்நியம். மலையில் ஒரு வேலையும் இல்லாத எனக்கு மலை சொந்த ஊர். இதில் எது நியாயம் என்று கேட்டால் "மார்க்கெட் அப்படி" என்கிறோம். தலைவிதி என்று பாட்டி சொன்னால் சிரிக்கிறவர்கள், மார்க்கெட் என்று சொன்னதும் தலையாட்டுகிறோம்.

இன்னொரு மூடநம்பிக்கையும் எங்களிடம் உண்டு. உயரத்தில் இருப்பவன் எளிமையானவன், கீழே நெரிசலில் இருப்பவன் பேராசைக்காரன் என்ற நம்பிக்கை. குன்றிருக்கும் இடமெல்லாம் சாமி இருப்பதாகச் சொன்னவர்களைக் கேலி செய்துவிட்டு, அதே குன்றில் வைஃபை வைத்துக்கொண்டு நாங்களே குடியேறிவிட்டோம்.

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு வண்டிகளுக்கு உச்சவரம்பும் போட்டார்கள், ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. மலைக்குத் தாங்கும் திறன் ஒன்று உண்டு என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது நல்ல காரியம். அன்று அதை என்னைவிட உரக்க ஆதரித்தவர் எங்கள் தெருவில் இல்லை. உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு, என் வண்டியில் டிஎன் 43 என்று இருக்கிறது. எண் மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ரயில் பெட்டியில் கடைசியாக முண்டியடித்து ஏறியவன்தானே "இடமில்லை, கதவைச் சாத்து" என்று கத்துவான்? இரண்டு நாள் வந்து வறுக்கி வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பம் மலைக்குச் சுமை, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தண்ணீர் குடித்துக் குப்பை போடும் நான் மலையின் பாதுகாவலன்.

வீட்டைக் காலி செய்துவிட்டீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. வாடகை ஒப்பந்தம் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டே நானும் இதே வேலையைச் செய்யலாம், டீச்சர் இங்கே வந்துவிடலாம். இரண்டு லாரி சாமான் மாற்றினால் தினம் ஒருவரின் நான்கு மணி நேரம் மிச்சம். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் நான் நகரவில்லை. ஜன்னலில் தெரியும் மேகத்தை ஒரு காரணமாகச் சொல்ல வெட்கமாக இருப்பதால் ஒப்பந்தத்தைச் சொல்கிறேன்.

சமையலுக்கு வரும் அக்கா விடியலில் லைன் வீட்டிலிருந்து காட்டுமாட்டுக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வருகிறார். அவர் மகன் இஞ்சினியரிங் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஏழு பேர் தங்கும் அறை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊர். போன செவ்வாய்க்கிழமை நான் மீட்டிங்கில் இருக்கும்போது காப்பி டம்ளரை மேசையில் வைத்தார். திரையில் வரிசையாகத் தெரிந்த முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவங்க எல்லாம் அவங்கவங்க வீட்லயா இருக்காங்க சார்?"

"ஆமாக்கா."

"நம்ம பையன மட்டும் ஏன் சார் கீழ வரச் சொல்றாங்க?"

மைக் அணைத்துத்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.