சுவருக்கு அந்தப் பக்கமும் சிவன்தான்!

புது வீடு கட்டிக் குடிபோகிற நாள்... ஒரு பெண்ணின் வாழ்வில் கல்யாண நாளுக்கு அடுத்தபடியாக நெஞ்சில் நிற்கிற நாள் அதுதான். இல்லையா சகோதரிகளே?

விடியற்காலையில் எழுந்து, ஈரத் தலையைத் துவட்டி முடிந்துகொண்டு, வாசலில் மாக்கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, கணபதி ஹோமப் புகை கண்ணைக் கரிக்க நின்ற அந்த நேரத்தை யாரால் மறக்க முடியும்? புது அடுப்பில் பால் பொங்கி வழியும்போது நம் கண்ணும் சேர்ந்தல்லவா பொங்குகிறது!

அந்தச் சடங்கில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் கடன் வாங்கி, நகையை அடகு வைத்துக் கட்டிய வீடு. ஆனாலும் நமக்கு முன்பாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருவது பசுவும் கன்றும். பொங்கிய பாலையும் முதலில் சுவாமிக்குப் படைத்து, பிறகு வந்திருக்கும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் நாம் குடிக்கிறோம். 'இந்த வீடு உனக்கு மட்டும் சொந்தம் இல்லை அம்மா' என்று நம் பெரியவர்கள் முதல் நாளே சொல்லிவைத்துவிட்டார்கள். நாம்தான் அதைச் சடங்கோடு மறந்துவிடுகிறோம்.

சமீபத்தில் கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மாளிகை என்றே சொல்ல வேண்டும். லிஃப்ட், சினிமா பார்க்கத் தனி அறை, பளிங்கில் இழைத்த பூஜை அறை. கேட்டுக்கு வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கையில் துணிப்பையோடு நின்றிருந்தார். அந்த வீட்டுக்குச் சித்தாளாக இரண்டு வருடம் கல்லும் கலவையும் சுமந்தவர்.

"ஏன்க்கா, உள்ளே வரலையா?" என்று கேட்டேன்.

"நாங்க கட்டுன ஊடுதானுங்க அம்மிணி. அந்தச் சாமி ரூம்பக் கழுவி உட்டதே நானுங்க. இன்னிக்கு உள்ள வரலாமுங்களான்னு ஆருகிட்டக் கேக்கறதுன்னுதான் தெரியலீங்க..."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது அவரைக் காணவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக எனக்கு ஏன் தோன்றவில்லை? ஊருக்கெல்லாம் பக்தியைப் பற்றி எழுதுகிறவள் நான்! அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

திண்ணை போய் மதில் வந்தது!

பெரிய வீடு கட்டுவது பாவம் என்று நம் சமயம் சொல்லவில்லை. கொங்கு நாட்டில் அந்தக் காலத்திலேயே பெரிய பெரிய தொட்டிக்கட்டு வீடுகள் இருந்தன. ஆனால், வெளிவாசலில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர்கள் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து இளைப்பாறலாம். அந்தத் திண்ணையிலும் எல்லாச் சாதியாரும் உட்கார முடிந்ததா என்றால், இல்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. நாம் செய்திருக்க வேண்டியது, திண்ணையை எல்லோருக்கும் உரியதாக்குவது. செய்ததோ, திண்ணையையே எடுத்துவிட்டு மதில் எழுப்பியது!

மும்பையில் ஒரே குடும்பத்துக்காக 27 மாடியில் கட்டி, 2010-ல் முடித்த அம்பானியின் 'அன்டிலியா' வீட்டைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதே மும்பையில்தான் தாராவியின் குடிசைகளும் இருக்கின்றன. 'அது கோடீஸ்வரர்கள் கதை. நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நம் கோவையிலும் குளக்கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் பலர், ஊருக்கு வெளியே கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். கூரை கிடைத்தது, நல்லதுதான். ஆனால், நகரத்துக்குள் வீட்டு வேலை பார்க்கிற பெண் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். 'இன்னிக்கும் லேட்டா?' என்று கேட்கும் முன் அதை நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

ஒரு கார்த்திகை சோமவாரம்

மேட்டுப்பாளையம் என்றதும் உங்களுக்குப் பவானிக் கரையில் வீற்றிருக்கும் வனபத்ரகாளியம்மன் நினைவுக்கு வருவாள். அதே மேட்டுப்பாளையத்தில், நடூர் என்னும் இடத்தில் நடந்ததை நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2019-ம் ஆண்டு டிசம்பர் 2. அன்று திங்கட்கிழமை, கார்த்திகை சோமவாரம்! சிவாலயங்களில் சங்காபிஷேகத்துக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும் விடியற்காலை. விடாத மழை. அங்கே ஒரு பெரிய தனியார் வீட்டைச் சுற்றி, ஏறத்தாழ 20 அடி உயரத்துக்குக் கருங்கல் மதில் எழுப்பியிருந்தார்கள். மதிலின் அடியில் ஏழைகளின் சிறிய வீடுகள். மழையில் ஊறிய மதில் அந்த வீடுகளின் மேல் சரிந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 17 பேர், தூங்கியவர்கள் தூங்கியபடியே போய்விட்டார்கள்.

இறந்தவர்கள் அனைவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 'அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டோம்; யாரும் கேட்கவில்லை' என்று உறவினர்கள் கதறினார்கள். 'அது தீண்டாமைச் சுவர்' என்று சொல்லி, நியாயம் கேட்டுப் போராடினார்கள்.

மகன், மகள் இருவரையும் அன்று பறிகொடுத்த தகப்பனார் ஒருவர், டீக்கடையில் வேலை பார்த்தவர். அந்த நிலையிலும் தன் இரண்டு பிள்ளைகளின் கண்களையும் தானமாகக் கொடுத்தார். யாரோ முன்பின் தெரியாதவர்கள் பார்வை பெறுவதற்காக!

சகோதரிகளே... உயர்ந்த மதில் எந்த வீட்டில் இருந்தது, உயர்ந்த மனம் எந்த வீட்டில் இருந்தது?

கூரையைப் பிரித்த நாயனார்

பெரியபுராணத்தில் இன்னொரு மழை இரவு வருகிறது. இளையான்குடி மாறனார் பெருஞ்செல்வர். அடியவர்களுக்கு அமுது படைத்தே செல்வம் கரைந்து, வறுமைக்கு வந்துவிட்டார். கொட்டும் மழையில், நள்ளிரவில், பசியோடு ஓர் அடியவர் கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை.

அப்போது வழி சொன்னது யார் தெரியுமா? அவர் மனைவி! 'பகலில் வயலில் விதைத்த நெல் இருக்கிறதே, அதை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடுவேன்' என்றார் அந்த மகராசி. மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவிப் போய் விதைநெல்லை வாரி வந்தார். அடுப்பெரிக்க விறகு இல்லை. கூரையின் மரங்களை வெட்டி விறகாக்கினார். தோட்டத்துக் கீரையைப் பறித்துக் கொடுத்தார். அம்மையார் சமைத்து முடித்து, விருந்தாளியை எழுப்பினால்... அங்கே அடியவர் இல்லை. சோதியாக நின்றார் ஈசன்!

விருந்தாளிக்காகத் தன் கூரையையே பிரித்த வீட்டுக்கு ஈசன் தேடி வந்தார். அடுத்தவர் கூரையின் மேல் நம் மதில் விழுந்தால், அவர் எந்தப் பக்கம் இருப்பார்?

இதற்குப் பதில், நம் பேரூரிலேயே இருக்கிறது. சுந்தரர் தரிசனத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும், பட்டீஸ்வரரும் பச்சைநாயகி அம்மனும் கூலியாட்கள் கோலத்தில் வயலில் இறங்கி நாற்று நட்டார்கள் என்கிறது தல வரலாறு. 'சொல்லாதே' என்று கட்டளையிட்டும், நந்தி குறிப்புக் காட்டிவிட்டார். மண்வெட்டியால் அடியும் வாங்கினார். ஆனி மாதம் நடக்கும் நாற்று நடவுத் திருவிழாவில் இதை இன்றும் கொண்டாடுகிறோம்.

கோயிலுக்கு வந்த சுந்தரர், கருவறையில் நின்றுகொண்டே இருந்திருந்தால் சுவாமியைக் கண்டிருக்க முடியாது. சேற்று வயலுக்குப் போனதால் கண்டார். கேட்டுக்கு வெளியே துணிப்பையோடு நின்ற அந்த அம்மாவை விட்டுவிட்டுப் பளிங்குப் பூஜை அறைக்குள் போய்க் கைகூப்பினேனே... நான் யாரைத் தரிசித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஐந்தாவது பங்கு

செல்வத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கும் கோவையிலேயே வழிகாட்டிகள் உண்டு. பீளமேடு பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள், 1926-ல் குடும்பச் சொத்தை நான்காகப் பங்கிடவில்லை; ஐந்தாகப் பங்கிட்டார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு! இன்று கல்லூரிகளாகவும் மருத்துவமனையாகவும் வளர்ந்து நிற்பது அந்தப் பங்கில் முளைத்த பயிர்தான். வள்ளுவரும், முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐந்து பேரைச் சொல்கிறார். அந்த வரிசையில் 'தான்' என்பது கடைசி என்பதைக் கவனியுங்கள்.

நம்மால் சொத்தை ஐந்தாகப் பங்கிட முடியாமல் போகலாம். ஆனால், வீடு கட்டும்போதும் வீட்டை நடத்தும்போதும், இல்லத்தரசியான நீங்கள் சொன்னால் நடக்கிற காரியங்கள் நிறைய இருக்கின்றன. மாறனார் வீட்டிலும் வழி சொன்னது அம்மையார்தானே?

'தென்மேற்கு மதில் உயரமாக இருக்க வேண்டும்' என்று வாஸ்து பார்ப்பவர் சொல்வார். கட்டுங்கள், தவறில்லை. ஆனால், 'அந்தச் சுவருக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். மண்ணை அணைத்து நிற்கும் உயரமான மதிலில் மழைநீர் வடிய வழி இல்லாவிட்டால், பின்னால் தேங்கும் நீரின் பாரமே சுவரைத் தள்ளிவிடும். 'நீர் வடியத் துளை விட்டீர்களா? தூணும் கம்பியும் போட்டீர்களா?' என்று பொறியாளரிடம் கேளுங்கள். பழைய மதில் விரிசல் கண்டிருந்தால், பெயின்ட் அடித்து மறைக்காமல், அடுத்த மழைக்கு முன் சரிசெய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் குடியிருப்பவர் வந்து 'பயமாக இருக்கிறது' என்று சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள். உயிரைக் காக்கிற இந்தக் காரியத்துக்கு இணையான பரிகாரம் எந்த க்ஷேத்திரத்திலும் கிடையாது.

கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி, துண்டு வைத்துக் கொடுக்கிறோம். அவர்களோடு, கல் சுமந்த சித்தாள் பெண்களையும் மறக்காமல் அழையுங்கள். மஞ்சள், குங்குமம், புடவை வைத்துக் கொடுத்து, சொந்தக்காரர்கள் சாப்பிடும் அதே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். 'அப்புறம் வாங்கிக்கோ' என்று பாத்திரத்தில் போட்டுக் கொடுப்பது அன்னதானம் ஆகாது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூரை மழையில் ஒழுகுகிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டியாயிற்றா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். மாதாந்திரச் செலவில், பூஜைச் சாமானுக்கு ஒதுக்குவதுபோல அதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். அதுதான் நம் வீட்டின் ஐந்தாவது பங்கு.

கார்த்திகை தீபத்தன்று மதில்மேல் வரிசையாக அகல் ஏற்றுவோம் அல்லவா? அந்த விளக்கு, வீட்டுப் பக்கம் மட்டும் வெளிச்சம் தருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே ஒளிதான் விழுகிறது. அடுத்த கார்த்திகையில் அகலை ஏற்றும்போது, ஒரு நிமிடம் அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள். நடூரில் கண் மூடிய அந்த 17 பேரையும் நினைத்து, ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றுங்கள்.

நானும் ஏற்றுவேன். கேட்டுக்கு வெளியே நின்ற அந்த அக்காவுக்காகவும் ஒன்று.

நாற்று நட்ட பட்டீஸ்வரரும் பச்சைநாயகியும் உங்கள் வீட்டுப் படியேறி வரட்டும். அவர்கள் எந்தக் கோலத்தில் வந்து நின்றாலும், 'உள்ளே வாங்க' என்று அழைக்கிற மனம் நமக்கு வாய்க்கட்டும்!