எரிந்த கொப்பியும் எஞ்சிய கடனும்

பிறிஸ்பேனுக்கு வடக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில் மேரிபறோ என்றொரு பழைய துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே பிறெனன், ஜெராற்றி என்ற மைத்துனர் இருவர் 1871இல் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தனர். நூறாண்டு நடந்த கடை 1972இல் பூட்டப்பட்டது. 1975இல் குயின்ஸ்லாந்து நஷனல் ட்ரஸ்ற் அதை வாங்கி, 1990இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. விற்காமல் போனவைதான் இன்று அதன் செல்வம்: 1885ஆம் ஆண்டுச் சீனத் தேயிலைப் பைக்கற், பழைய வெஜிமைற் போத்தல்கள், 1890களின் கறித்தூள்.

அந்தக் கறித்தூள் எம்மைச் சற்று நிறுத்துகிறது. குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 1901இல். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை முற்றாகக் கைவிடப்பட்டது, கடை பூட்டிய மறு ஆண்டான 1973இல். கறித்தூளுக்கு இறாக்கையில் இடம் இருந்தது. அதை அரைத்துண்ணும் மனிதருக்கு வாசலில் இடம் இருக்கவில்லை. ஆனால் நாம் கேட்க வந்தது வேறொரு கேள்வி.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டு, வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தபோது, மண்ணெண்ணெயும் பற்றரியும் யாழ்ப்பாணத்தில் கிடைத்தற்கரிய பண்டங்களாயின. கைக்காசுக்கு இரட்டிப்பு விலை கொடுக்க ஆள் இருந்த நாட்களில், ஒழுங்கைமுகப்புக் கடைக்காரர் பலர் அயலவருக்குக் கடன் கொடுத்தனர். "கொப்பியிலை போடுங்கோ அண்ணை" என்று சொல்லி அரிசியும் சீனியும் வாங்கி வந்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் தெருவில் இறங்கியது. கடையும் போயிற்று, கொப்பியும் போயிற்று. எம்மிற் பலர் பின்னர் சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் வந்து சேர்ந்தோம்.

அந்தக் கடன் இன்னும் கடன்தானா?

இல்லை என்பதற்கு நியாயங்கள் உண்டு. யுத்தம் எல்லாக் கணக்கையும் அழித்துவிட்டது. நாமும் வீடு வாசல் இழந்தோம். அன்றைய நூறு ரூபாய்க்கு இன்று என்ன பெறுமதி? ஆனால் எமது வீட்டை அழித்தவர் அந்தக் கடைக்காரர் அல்லர். எமது இழப்பை அவர் தலையில் எழுத எமக்கு உரிமை இல்லை. தொகை சிறிதென்பதும் பொருந்தாது. அவர் தந்தது நூறு ரூபாய்ச் சாமான் மட்டுமல்ல. விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று தெரிந்தும் எம்மை நம்பிய நம்பிக்கை. ஆகவே ரூபாய்க் கணக்கில் அதைச் சுருக்கிவிட முடியாது.

கொப்பி எரிந்தால் சாட்சிதான் அழியும், கடன் அழியாது. கொடுத்தவனின் கொப்பி போனபின், வாங்கியவனின் நினைவே கொப்பி. அதை நாம் மறந்தால், மிஞ்சியிருந்த ஒரே கொப்பியையும் நாமே கிழித்தவர்களாவோம்.

அவர் இறந்திருக்கலாம். பிள்ளைகள் இருப்பார்கள், கனடாவிலோ கிளிநொச்சியிலோ. தேடிக் கொடுக்கலாம். எவருமே இல்லையெனில், அவர் எமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யலாம். 2012இலும் 2013இலும் படகில் வந்து, தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தவர்கள் எம் அயலிலேயே வாழ்ந்தார்கள். நாளை இங்கிருப்பாரோ என்று தெரியாத ஒருவருக்கு வாடகைக்கு வீடு விடுவதும், வேலைக்குப் பிணை நிற்பதும் அதே கொப்பிக் கணக்குத்தான். ஆனால் உரியவர் இருக்கையில் இதைச் சாட்டாக்கக் கூடாது. தருமம் வேறு, கடன் வேறு.

மேரிபறோவில் சாமான்கள் எஞ்சின, ஏனெனில் அங்கே எவரும் ஓடவேண்டி வரவில்லை. எமது கடைகளில் எஞ்சியது கடன் மட்டுமே. அதையாவது பழுதுபடாமல் வைத்திருப்போம். கடைக்காரரின் பெயரையும் தொகையையும் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளிடமும் சொல்லி வைப்போம்.