தரித்திரம் ஏன் விட்டுப் போகவில்லை?



"பாஸ்டர், உபவாசம் இருக்கேன், ராப்பகலா உழைக்கிறேன், ஆனா கையில காசு நிக்கல" என்று அநேகர் என்னிடம் கண்ணீரோடு சொல்லுகிறார்கள். சிலரோ உடனே, "அது சாபம், சோம்பல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பொறுங்கள்! நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டின ஜனங்கள் சோம்பேறிகளா? இல்லை! பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தார்கள். ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினார்கள். கடைசியில் பிள்ளைகளே அடிமைகளானார்கள். வயலே போனபின் எதைக் கொண்டு கடனை அடைப்பது? இதுதான் தரித்திரத்தின் கண்ணி.

இன்றைக்கும் அதே கண்ணிதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 10,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்குகிறவர் மாதம் 1,000 கட்டுகிறார். வருஷத்தில் 12,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது! செங்கல் சூளையில் முன்பணம் வாங்கின குடும்பம் அது கழியுமட்டும் அங்கேயே கிடக்கிறது. பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. அப்பன் கடன் மகன் தலையில் விழுகிறது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 2003-ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தன. நல்லதுதான். ஆனால் விடுதலையானவன் கையில் ஒன்றுமில்லாவிட்டால், அடுத்த வியாதியில் மறுபடியும் அதே வாசலில்தான் போய் நிற்பான்.

நெகேமியா ஜெபவீரன். ஆனாலும், "ஜெபிக்கிறேன், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடவில்லை. வட்டி வாங்கின பெரிய மனுஷரைச் சபை நடுவில் கண்டித்தார். வட்டியை விடச் சொன்னார். வயலும் வீடும் திரும்பக் கிடைக்கச் செய்தார். தேசாதிபதிக்குரிய படியையும் தான் வாங்கவில்லை. கவனியுங்கள்: கிடைத்தது ஒருவேளைச் சோறு அல்ல, பிழைக்கும் வழி!

நம் தேசத்திலும் இதைக் கண்டோம். 1956-ல் காமராஜர் நாட்களில் மதிய உணவு வந்தது, 1982-ல் சத்துணவு வந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கூடம் வந்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில், ஏழைத் தாய்மார் சிறுகச் சேர்த்து ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டார்கள். கந்துவட்டிக்காரன் வாசலைத் தவிர வேறொரு வாசல் திறந்தது!

தேவபிள்ளையே, ஞாயிற்றுக்கிழமை கையுயர்த்தி ஆராதித்து, திங்கட்கிழமை அதே சபைச் சகோதரியிடம் வட்டி வசூலிக்கிறாயா? இன்றே விட்டுவிடு. சபையாரே, அவசரத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு பெட்டி வையுங்கள். சூளையில் நிற்கும் பிள்ளையைப் பள்ளியில் சேருங்கள். அப்பொழுது நம் ஜெபத்துக்குக் கைகால் முளைக்கும்.

கர்த்தர்தாமே கட்டப்பட்டவர்களை விடுவிப்பாராக! ஆமென், அல்லேலூயா!