கோப்பையும் கழுத்தும்

திருவண்ணாமலையில் எங்க தெருவுக்கு ஒருநாள் சாயங்காலம் நாலு பசங்க வந்தாங்க. பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணி. நாலு பேரும் காலனிப் பசங்க. கையில் ஒரு மனு. பி.டி. மாஸ்டர் அடிக்கிறார், சாதிப் பேர் சொல்லித் திட்டுகிறார், பந்து மூட்டையைத் தூக்கவும் தண்ணி கொண்டாரவும் எங்களைத்தான் ஏவுகிறார், அவரை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மத்த ரெண்டு பேர் போடவில்லை.

“அந்தாளு போயிட்டா எங்களுக்கு யார்ணா சர்ட்டிபிகேட் தருவா? இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சினு இருந்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கிப் போயிடுவேன்” என்றான் ஒருத்தன். எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தயக்கத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வி உலகத்துக்குப் பழசு. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாபி நைட். 1971 முதல் 29 வருசம் இருந்தவர். 1976, 1981, 1987 என மூணு தேசியக் கோப்பைகளை வாங்கித் தந்தவர். 1985இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கி எறிந்தார். நிர்வாகம் பொறுத்தது. 1997இல் பயிற்சியின்போது சொந்த அணி மாணவன் ஒருவனின் கழுத்தைப் பிடித்தார். அந்த வீடியோ 2000இல் வெளியான பிறகும் அபராதம், கடைசி எச்சரிக்கை என்றுதான் விட்டார்கள். அதே வருசம் செப்டம்பரில் இன்னொரு மாணவனின் கையைப் பிடித்தார் என்ற புகார் வந்த பிறகே வெளியே அனுப்பினார்கள். அப்போதும் மாணவர் கூட்டம் அவருக்காகத்தான் தெருவில் இறங்கியது.

இதில் என்ன கணக்கு ஓடுகிறது? ஒரு தட்டில் கோப்பை, இன்னொரு தட்டில் கழுத்து. கோப்பை கல்லூரியுடையது, கழுத்து மாணவனுடையது. ஒருத்தனுக்கு வருகிற லாபத்துக்கு இன்னொருத்தனின் உடம்பைக் கழித்துக்கொள்கிற கணக்கு. நமக்கு இது புதுசா என்ன? ஊர் செழிக்கச் சேரி உழைத்ததும் இதே கணக்கில்தான்.

சரி, ஜெயித்துக் காட்டினால் சாதி போகுமா? நூறு வருசத்துக்கு முந்தி பல்வங்கர் பாலூ இந்துக்கள் அணிக்குப் பந்து வீசினார். அவர் வீசிய பந்து தீட்டில்லை. அவர் குடித்த தேநீர்க் கோப்பை மட்டும் தீட்டு. புனேவில் ஆட்டக்காரர் கூடத்துக்கு வெளியே, தனி மண் குவளையில் கொடுத்தார்கள். கடைசிவரை அவருக்குக் கேப்டன் பதவி தரவில்லை. அவர் தம்பிகள் ஆட மறுத்து வெளியேறி மோதிய பிறகு, 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. திறமை கதவைத் தட்டியது, திறந்தது மறுப்பு.

பொறுமையும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன் நம்ம பொண்ணு. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஒப்பந்தப் பயிற்சியாளராகச் சில காலம் இருந்தார். அந்தச் சம்பளத்தில் வயிறு நிறையவில்லை. 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். நிரந்தரப் பயிற்சியாளர் வேலை 2016இல்தான் வந்தது. நைட்டுக்கு 29 வருசம் பொறுத்தது உலகம். சாந்திக்குச் சில நாள்கூடப் பொறுக்கவில்லை.

ஆக, பி.டி. மாஸ்டரைத் தூக்கு என்று உடனே சொல்லிவிடலாமா? விசாரணை இல்லாமல் துரத்தப்படுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அதையே நாமும் கேட்கக் கூடாது. நாளைக்கு அந்த நாற்காலியில் நம்ம ஆளே உட்கார்ந்து பசங்களை அடித்தாலும் இதே அளவுகோல்தான். நம்ம சாதி என்று மூடி மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

கையெழுத்துப் போடாத பையன் பயந்தாங்கொள்ளி இல்லை. அவன் எதிர்காலம் மொத்தமும் ஒரே மனுசன் பேனாவில் இருக்கிறது. அப்படி வைத்தது கல்லூரி. அந்தப் பேனாவைப் பிடுங்காமல் ஆளை மட்டும் மாற்றினால், அடுத்து வருகிறவனும் அதே பேனாவைத்தான் பிடிப்பான்.

2023 ஜனவரி 30 அன்று நம்ம மாவட்டத்துத் தென்முடியனூரில் நம்ம சனங்க முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். போலீஸ் காவலோடு போக வேண்டியிருந்தது. கோயிலுக்குக் கதவு இருந்தது, அதனால் அது மூடியிருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மைதானத்துக்குக் கதவு இல்லை. அதனால் அங்கே யாரை எதுவரைக்கும் விடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மனுவைத் திருத்தி எழுதினோம். விசாரணை நடக்க வேண்டும். குழுவில் நம்ம தரப்பு ஆள் இருக்க வேண்டும். முடியும்வரை அவர் மைதானத்துக்கு வரக் கூடாது. சான்றிதழ் தரும் அதிகாரம் ஒருத்தர் கையில் இருக்கக் கூடாது. குற்றம் நிரூபணமானால், எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், வேலையில் வைக்கக் கூடாது. சாதிப் பேர் சொல்லித் திட்டியதற்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதைக் கல்லூரிக்குள் பேசி முடிக்க முடியாது.

கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். தயங்கிய ரெண்டு பேரில் ஒருத்தன் போட்டான். இன்னொருத்தன் கடைசிவரை போடவில்லை; “உங்களுக்கு வேல இருக்குதுண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது நெசம். அவன் பேருக்கும் சேர்த்துத்தான் அந்த மனு.